நிக்காசியோவின் வளைவு

என் புருஷனைப் பார்த்து ஒரு நாளைக்கு எத்தனை லாரி ஹாரன் அடிக்கும் என்று நான் எண்ணியதில்லை. எண்ணுகிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. ஆனால் ஹாரன் அடிக்காமல் போகிற லாரி எது என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். கையில் ஒட்டிய மாவோடு வாசலுக்கு வந்து, போகிற வண்டியின் முதுகைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்னடா அவ்வளவு அவசரம்?" என்று திட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இத்தனைக்கும் அவர்கள் ஹாரன் அடித்தது என் புருஷனுக்கு இல்லை. அவனுடைய சிலுவையை கௌச்சீட்டோ என்கிற சாமியின் கோயில் என்று நினைத்துக்கொண்டு அடித்தார்கள். சாலையோரம் எங்கே சிவப்புத் துணி பறந்தாலும் அது கௌச்சீட்டோவின் இடம்தான், அவர்தான் வண்டிக்காரர்களின் காவல். ஹாரன் அடிக்காமல் தாண்டியவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்று சால்டாவிலிருந்து புவெனஸ் ஐரஸ் வரைக்கும் அத்தனை டிரைவருக்கும் பயம்.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். என் புருஷன் நிக்காசியோ லெடெஸ்மா லாரி டிரைவர். துகுமானிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு ரொசாரியோ போவான், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவான். எங்கள் வீடு ஒன்பதாம் நம்பர் சாலையில், ஓஹோ தே ஆகுவா ஊருக்கு வடக்கே, ஒரு வளைவின் ஓரத்தில் இருக்கிறது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மதிய வெயில், ஊரே தூங்குகிற நேரம். வளைவில் ஒரு மாடு நின்றிருக்கிறது. நான் டிரைவர்களுக்கு விற்கிற ரொட்டியைச் சாம்பலுக்குள்ளிருந்து கிளறி எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பக்கத்தில் வந்துதான் செத்தான். நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

உடம்பு ஊர்க் கல்லறையில் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில், அவசரமாகப் போன உயிர் போன இடத்திலேயே நின்றுவிடும் என்பார்கள். அதனால் அந்த இடத்தில் சிலுவை நட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். அவனுடைய கூட்டாளி பசான் இரும்புச் சிலுவை செய்து கொண்டுவந்தான். பசானும் டிரைவர்தான், என் மகளுக்கு ஞானத் தகப்பன், அதனால் என்னை கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான். சிலுவையை நட்டுவிட்டு, நொறுங்கிப்போன லாரியின் பின்னாலிருந்து ஒரு சிவப்புத் துணியை அவிழ்த்து வந்தான். சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்காகக் கட்டுகிற துணி.

"அவன் கையால கட்டினது. அவன்கிட்டயே இருக்கட்டும்" என்று சிலுவையில் கட்டினான்.

அழுதுகொண்டே கட்டினான், அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது கௌச்சீட்டோவின் நிறம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

ஒரு வாரத்துக்குள் சிலுவையடியில் ஒரு பாக்கெட் சிகரெட். அப்புறம் ஒயின். அப்புறம் பிளாஸ்டிக் ரோஜா, இன்னும் நாலு சிவப்புக் கொடி. நிக்காசியோவுக்கு ஒயின் வாசனையே ஆகாது, குடிக்கிறவனோடு ஒரே மேஜையில் உட்காரமாட்டான். அவன் தலையில் கொண்டுவந்து ஒயினை ஊற்றுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நல்ல அல்கரோபா மரப் பலகையில் அவன் பெயரைச் செதுக்கச் சொல்லி, சிலுவைக்குப் பக்கத்தில் நட்டேன். நிக்காசியோ லெடெஸ்மா. இனிமேலாவது புரியும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே ரொட்டி வாங்க வந்த ஒரு டிரைவர், எல்லாரையும்போல மரியாதையாக டோன்யா என்று கூப்பிட்டுச் சொன்னான்.

"யாரோ லெடெஸ்மான்னு ஒருத்தர் நன்றிப் பலகை வச்சிருக்காரே டோன்யா. பெரிய வரம் கிடைச்சிருக்கும் போல. நல்ல மரம்."

வரம் கிடைத்தவர்கள் சாமிக்கு நன்றி சொல்லிப் பலகை வைப்பது வழக்கம். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பலகை வைத்தார்கள்.

கொஞ்ச நாள் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "இது சாமி இல்லைங்க, என் வீட்டுக்காரர்." மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். பாவம், புருஷன் செத்ததில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றால், ஹாரன் எனக்குப் பழகிவிட்டது. காலையில் முதல் லாரி அடித்தால் எழுந்திருப்பேன். அடுப்பு மூட்டும்போது ஒன்று, ஆடுகளை ஓட்டும்போது ஒன்று, மாத்தே கஷாயம் குடிக்க உட்கார்ந்தால் ஒன்று. மகள் ரொசாரியோவில் இருக்கிறாள். பக்கத்து வீடு என்றால் நடந்து போய்த் திரும்புவதற்குள் பொழுது போய்விடும். நான் இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அந்த லாரிக்காரர்களுக்குத்தான் தெரியும், அதுவும் ஜன்னலில் தெரிகிற ஒரு பெண்பிள்ளையாகத்தான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேராகப் போகிற சாலை என் வீட்டருகே மட்டும் ஏன் வளைகிறது? அதற்கு ஸ்பெயின் ராஜாவைத்தான் கேட்க வேண்டும். இது அந்தக் காலத்து ராஜபாட்டை. துறைமுகத்திலிருந்து போத்தோசி வெள்ளிச் சுரங்கம் வரைக்கும் மாட்டு வண்டியும் கோவேறு கழுதையும் போன பாதை. என் வீட்டுக்குப் பின்னால் அஞ்சல் சாவடி இருந்தது. ராஜாவின் தபால்காரன் தூரத்திலேயே கொம்பு ஊதிக்கொண்டு வருவானாம், சாவடிக்காரன் அதற்குள் மாற்றுக் குதிரையைப் பூட்டி வைத்திருக்க வேண்டுமாம். சாவடி இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு குட்டை. கழுதைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அதற்காகப் பாதை வளைந்து குட்டைக்கு வந்துவிட்டுப் போனது. பிறகு ராஜா போனார். சாவடி எரிந்தது. குட்டை வற்றி அதில் முள்ளுச்செடி முளைத்தது. ஆனால் சரளை கொட்ட வந்தவனும் அதே தடத்தில் கொட்டினான், தார் போட வந்தவனும் அதே தடத்தில் போட்டான். என்றைக்கோ செத்த கழுதைகளின் தாகத்துக்காக இத்தனை காலமும் நாற்பது டன் லாரி வளைந்து போனது. அந்த வளைவில்தான் என் புருஷன் போனான்.

அவன் போன வருஷம் நான் சும்மா இருக்கவில்லை. மாகாணத் தலைநகருக்கு பஸ் ஏறிப் போய், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, மேஜையைத் தட்டிக் கேட்டேன். இந்த வளைவை எடுங்கள், இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார், இன்னொருவர் மனு வாங்கிக்கொண்டார். நான் திரும்பி வந்து, நாளாக நாளாக அதை மறந்தே போனேன்.

அவர்கள் மறக்கவில்லை. வருஷங்கள் கழித்து ஒரு காலையில் வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள். பெயர் ஒயோலா, இஞ்சினியராம். என் மகளைவிடச் சின்னவள். நல்ல பெண், நான் கொடுத்த மாத்தேயை முகம் சுளிக்காமல் குடித்தாள்.

"டோன்யா டெல்ஃபினா, உங்களுக்கு நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன். நீங்க கேட்டது நடக்கப் போகுது. வளைவை எடுக்கறோம்."

"எடுத்து?"

"ரோடு நேரா மேற்கால போயிடும், உப்புவெளி ஓரமா. இந்தத் துண்டு சும்மா கிடக்கும், உங்க ஆடு மேயலாம். இனிமே தூசி இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல. நிம்மதியா இருங்க."

எனக்கு நிம்மதி தருவதற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். நான் மாத்தேயில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.

"இன்னொண்ணு" என்றாள் அவள். "லாரிக்காரங்க சங்கத்துல வந்து கேட்டாங்க. கௌச்சீட்டோவை அம்போன்னு விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. நியாயம்தானே? புது ரோட்டோரம் சிமெண்ட் மேடை கட்டித் தர்றோம். ஆனா நீங்கதான் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டீங்களாம். உங்களைக் கேக்காம தொட மாட்டோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு வளைவுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஹாரன் அடித்த ஒவ்வொரு வண்டியையும் வளைவு தாண்டி மறைகிற வரைக்கும் பார்த்தேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "நல்லதாப் போச்சு, இங்க வந்துடும்மா" என்றாள். அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்த வாரம் பசான் வந்தான். எப்போதும்போல முழு ரொட்டியை வாங்கி, நின்றுகொண்டே பாதியைத் தின்றான். விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்துடுங்க கொமாத்ரே" என்றான். "அங்கயாவது ஹாரன் அடிப்பாங்க. மேக்குக் காத்து வீசினா உங்களுக்கும் கேக்கும்."

"இங்க என்னைக்கு மேக்குக் காத்து வீசியிருக்கு? வாயில மண்ணை அள்ளிப் போடுற வடக்குக் காத்துதானே."

"சரி, கேக்காது."

"அவன் இங்கதான் செத்தான் பசான். சிலுவையைத் தூக்கிட்டுப் போனா அவனும் கூடப் போவானா, இங்கயே நிப்பானா? அங்க போக அவனுக்கு வழி தெரியுமா?"

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்கா வழி தெரியாது?"

சிரித்துவிட்டேன். சிரிக்க வைத்ததற்காக அவன் மேல் கோபம் வந்தது.

"இல்லைன்னா உண்மையைச் சொல்லிடுங்க" என்றான். "சாமி இல்ல, என் புருஷன்னு சொல்லுங்க. நானும் வந்து சாட்சி சொல்றேன். நான்தானே அந்தத் துணியைக் கட்டித் தொலைச்சேன். எடுக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. நீங்களும் அவனும் மட்டும்தான் இங்க இருப்பீங்க. ஒரு ஈ காக்கா வராது."

"நீ வருவியா?"

"வருவேன்" என்றான், ரொட்டியைப் பார்த்துக்கொண்டு.

நான் முடிவு செய்துவிட்டேன். உயிரோடு இருந்தவரைக்கும் மாதத்தில் நாலைந்து நாள்தான் எனக்கு அவன் கிடைத்தான், மீதியெல்லாம் ரோட்டுக்குத்தான். செத்தாவது என்னோடு இருக்கட்டும். இருக்கிறது ஒன்று, அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஆடுகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மழைக்காலம் முடிந்து சிலுவையை எடுக்க வந்தார்கள். ஒரு திறந்த லாரி, மூன்று நாலு ஆட்கள். நான் சிலுவைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களில் மூத்தவன், ரோடு ரோலர் ஓட்டுகிறவன், அப்தோன் என்று பெயர், முதலில் மண்டியிட்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். அதன் பிறகுதான் என்னிடம் வந்தான்.

"உங்க அனுமதி வேணும் டோன்யா."

"குடுக்க மாட்டேன். அதுக்குக் காரணம் இருக்கு."

"தெரியும்" என்றான். "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டீங்க, சட்டுனு எடுத்துட்டுப் போன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்கும் இது கூலிக்குச் செய்யற வேலை இல்ல. என்னைத்தான் அனுப்பணும்னு நானே கேட்டு வந்தேன்."

"ஏன்?"

"மூணு வருஷத்துக்கு முந்தி இந்த வளைவுல குழி மூடிக்கிட்டிருந்தேன். என் சின்னப் பையன் சந்தியாகோ நகரத்து ஆஸ்பத்திரில கிடக்கான். டாக்டர் கையை விரிச்சுட்டார், வீட்டுக்காரி போன்ல அழறா. பஸ் சாயங்காலம்தான். எனக்கு ஒண்ணும் ஓடல. ரோலரை நிறுத்திட்டு இங்க வந்து விழுந்தேன். சாமி, நீங்களும் ரோட்டுல நிக்கறவர், நானும் ரோட்டுல நிக்கறவன், வீட்டுல பிள்ளை என்ன ஆச்சுன்னு தெரியாம நிக்கற கஷ்டம் உங்களுக்குத் தெரியும்னு சொன்னேன். கௌச்சீட்டோவுக்குப் பிள்ளை குட்டி உண்டான்னு கூட எனக்குத் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னேன்னும் தெரியல."

"அப்புறம்?"

"மறுநாள் காய்ச்சல் இறங்கிடுச்சு. இப்ப பந்து விளையாடி என் வீட்டு ஓடெல்லாம் உடைக்கறான்." சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவர் கேட்டுக்கிட்டார் டோன்யா. இங்க இருக்கறவர் கேட்டுக்கிட்டார்."

எனக்கு முதலில் வந்தது கோபம், மறைக்க என்ன இருக்கிறது. என் மகளுக்கு அம்மை போட்டபோது நிக்காசியோ சால்டாவில் இருந்தான். என் அம்மா செத்தபோது ரொசாரியோவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். எங்களுக்கு வராதவன், யாரோ ஒருத்தன் பிள்ளைக்கு எழுந்து போயிருக்கிறானா? பிறகுதான் நினைத்தேன். மகளுக்கு அம்மை என்று அன்றைக்கு போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பெட்ரோல் பங்கில் நின்று பேசினான். என்ன பேசாமல் இருக்கிறாய் என்று நான் திட்டி வைத்துவிட்டேன். அவன் எங்கே போய் விழுந்தான், யாரிடம் வேண்டினான் என்று நான் கேட்டதே இல்லை.

சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்தது. இது சாமி இல்லை அப்பா, மாட்டில் மோதிச் செத்த ஒரு லாரிக்காரன். அதைக் கேட்டுவிட்டு இந்த மனுஷன் எங்கே போவான்? நாளைக்கு அவன் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட யாரை நினைப்பான்? இத்தனை நாள் பழகி வைத்த வார்த்தையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன். "தண்ணி தினமும் மாத்தணும். ஒயின் ஊத்தாதீங்க."

"ஒயின் கூடாதா?"

"அவருக்குப் பிடிக்காது."

ஏன் எப்படி என்று கேட்காமல் தலையாட்டினான். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பான். கடப்பாரையால் சுற்றிலும் கிளறி, சிலுவையை நிமிர்ந்தபடியே தூக்கினார்கள். லாரியில் போர்வை விரித்துப் படுக்க வைத்தார்கள். அப்தோன் தன் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைமாட்டில் வைத்தான். கொடி, பூ, பலகை எல்லாம் ஏறின. கடைசியில் அல்கரோபா பலகையைத் தூக்கி வந்தான்.

"இது யாரு டோன்யா, நிக்காசியோ லெடெஸ்மா?"

"அவரும் லாரிக்காரர்தான்."

"கேட்டது கிடைச்சுதா அவருக்கு?"

"தெரியல" என்றேன். "என்ன கேட்டார்னு எனக்குத் தெரியாது. அதை முன்னாடி வைங்க, எல்லாருக்கும் தெரியற மாதிரி."

அப்படியே செய்கிறேன் என்றான். வண்டி கிளம்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்கள். நான் கையை ஆட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புதுச் சாலை திறந்த பிறகு பசான் இரண்டு தடவை வந்தான். அவ்வளவு நீள லாரியைப் பழைய ரோட்டில் திருப்புவது கஷ்டம், எனக்கே தெரியும். மூன்றாவது தடவை வரவில்லை. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ரொட்டி சுடுவதைக் குறைத்தேன். தாரில் ஆடுகள் படுத்துக்கொண்டன. காலையில் எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் படுத்தே கிடந்தேன். சொல்லிவிடுகிறேன், ரொம்பத் தனியாக இருந்தது.

ஜனவரிக் கோடையில், கௌச்சீட்டோ சாமியின் திருநாளுக்கு பசானே வந்து கூட்டிப்போனான். இறங்கிப் பார்த்தால் எங்கும் சிவப்பு. கூரை போட்ட மேடை, வரிசையாக லாரிகள், இறைச்சி சுடுகிற புகை, அக்கார்டியன் சத்தம். ஹாரன் ஓயவே இல்லை. நான் நேராக மேடைக்குப் போனேன். மெழுகுவத்தி விற்கிற பெண் ஒருத்தி கையை நீட்டி மறித்தாள்.

"வரிசையில வாங்க அம்மா. எல்லாரும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க."

"முதல் தடவையா வர்றாங்க, பாவம்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பசான் வாயைத் திறக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. என் முறை வந்தபோது பார்த்தேன், சொன்னபடி பலகை முன்னால் இருந்தது, தண்ணீர் புதிதாக இருந்தது. மெழுகுவத்தி ஏற்றினேன். ஏதாவது கேட்கலாம் என்று நினைப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். நகர்ந்து வந்துவிட்டேன்.

பசான் என்னைப் பழைய சாலை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போனான். நடுரோட்டிலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன், ஒதுங்கச் சொல்ல யாரும் வரவில்லை. வளைவு வந்ததும் கால் தானாக நின்றது. சிலுவை இருந்த குழி பாதி தூர்ந்திருந்தது. முப்பது வருஷமும் அவன் ரோட்டில்தான் இருந்தான், நான் வீட்டில்தான் இருந்தேன். புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அப்போதெல்லாம் வண்டியில் ஏறும்போது, எந்தக் கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.